தனியே பேச விடாத மேடை

துன்பியல் நாடகத்தில் மற்றவர்கள் எல்லோரும் போன பிறகு ஒருவன் மட்டும் மேடையில் நின்று தனக்குத்தானே பேசுகிறான். நடப்பில் யாரும் அப்படி வாய்விட்டுப் பேசுவதில்லை என்று நமக்குத் தெரியும். தெரிந்தும் காது கொடுக்கிறோம். மனைவியிடமும் நண்பனிடமும் மறைத்ததை அவன் நம்மிடம் திறந்து வைக்கிறான். வரப்போகும் கேட்டின் நிழலும் அந்தப் பேச்சிலேயே விழுந்துவிடுகிறது. ஷேக்ஸ்பியரின் மேக்பெத் தன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருக்கும் அரசனைக் கொல்லப் போகும் முன், கொல்லக் கூடாததற்கான காரணங்களைத் தானே ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குகிறான். கொலைப் பாடம் நடத்தியவனையே அந்தப் பாடம் திரும்பி வந்து பிடிக்கும் என்ற அச்சமும் அவன் வாயிலிருந்தே வருகிறது. நாடகத்தின் மீதிக் கதை முழுவதும் அந்த அச்சத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது. அந்தப் பேச்சு இல்லாவிட்டால் அவனை வெறும் பேராசைக்காரன் என்று ஒதுக்கியிருப்போம். செய்வது தீமை என்று தெளிவாகத் தெரிந்தே அதில் கால் வைக்கிறவன் அவன் என்று புரிந்த பிறகு அப்படி ஒதுக்க முடிவதில்லை.

இந்தத் தனிமொழியைத் தமிழ் மேடை எப்படிக் கையாண்டது, அதில் நமக்குச் சேர்ந்தது எது, சேராமல் போனது எது என்று பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நான் இருப்பது தவளக்குப்பத்தில். புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் அரியாங்குப்பத்தையும் நோணாங்குப்பத்தையும் தாண்டி வருகிற ஊர். இந்தப் பக்கத்து மனிதருக்கு நாடகம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கூத்து. ஆகவே என் அளவுகோலும் அங்கிருந்தே தொடங்குகிறது.

கூத்தில் வேஷம் களரிக்கு வரும் முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். இருவர் திரை பிடித்து நிற்கிறார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடுகிறது. கீழே சலங்கைக் கால் தெரிகிறது. முகவீணை உச்சத்துக்குப் போகிறது. வேஷக்காரர் திரைக்குள் இருந்தபடியே விருத்தம் எடுக்கிறார். பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிப் பாடுகிறார்கள். பாட்டு பல இடங்களில் படர்க்கையில் அமைந்திருக்கும். கர்ணன் வேஷம் கட்டியவரே, கர்ணன் வருகிறான், அவன் இப்படிப்பட்டவன் என்று யாரோ ஒருவனைச் சொல்வதுபோலப் பாடுவார். திரை விலகி, களரியைச் சுற்றி ஆடி முடித்ததும் கட்டியங்காரன் எதிரே வந்து யார், எந்த ஊர், என்ன காரியமாக வந்தீர்கள் என்று கேட்பான். வேஷம் தன் பிறப்பையும் பெருமையையும் அன்றிரவு செய்யப்போவதையும் சொல்லும்.

இதுவும் தன்னைப் பற்றித் தானே பேசும் பேச்சுதான். ஆனால் பேசுகிறவன் தனியாக இல்லை. எதிரே கேள்வி கேட்க ஒருவன் நிற்கிறான். முதுகுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து சொல்லுக்குச் சொல் வாங்கிப் பாட நாலு பேர் இருக்கிறார்கள். படர்க்கையில் பாடுவதால், தன்னை ஊர் எப்படிப் பார்க்கிறதோ அப்படித்தான் அவனும் தன்னைப் பார்க்கிறான். மேலைத் துன்பியலில் தனிமொழி என்பது ஊர் அறியாத ஒன்றைச் சொல்வதற்காக வந்தது. கூத்தில் தன்னுரை என்பது ஊர் ஏற்கெனவே அறிந்ததை அவன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைப்பது. இரண்டுக்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்தை விட்டுவிட்டு, நம்மிடமும் தனிமொழி உண்டு என்று பெருமை பேசுவதிலோ, நம்மிடம் அது இல்லை என்று தாழ்வாக நினைப்பதிலோ பொருளில்லை.

கூத்தின் முறைக்கு ஒரு பெரிய பலம் உண்டு. வரப்போவதை முன்கூட்டிச் சொல்வதில் அது காட்டும் துணிச்சலை வேறெந்த மேடையிலும் நான் கண்டதில்லை. இரணிய நாடகத்தை எடுத்துக்கொள்வோம். தவளக்குப்பம் சந்திப்பில் மேற்கே அபிஷேகப்பாக்கம் சாலையில் திரும்பிப் போனால், எல்லையைத் தாண்டிச் சிங்கிரிகுடி வருகிறது. அங்கே நரசிம்மருக்கு 16 கை. மடியில் இரணியன் கிடக்கிறான். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பிறந்த குழந்தைக்கும் இரணியனின் முடிவு தெரியும். அப்படிப்பட்ட கூட்டத்தின் முன்னால் இரணியன் வேஷம் திரை கிழித்தாற்போல வந்து, தான் பெற்ற வரத்தைச் சொல்லிப் பெருமையடிக்கிறது. பகலிலும் சாவில்லை, இரவிலும் இல்லை, வீட்டுக்குள்ளும் இல்லை, வெளியிலும் இல்லை, மனிதனாலும் இல்லை, விலங்காலும் இல்லை, ஆயுதத்தாலும் இல்லை. அவன் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வருகிறான். கேட்கிறவர்களோ அவன் சாத்த மறந்த இடுக்குகளை எண்ணிக்கொண்டு வருகிறார்கள். அந்தி, வாசற்படி, ஆளரி, நகம். தன் சாவின் நேரம், இடம், கொல்பவன், கருவி நான்கையும் தன் வாயாலேயே பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டு, அது தன் வெற்றிப் பட்டியல் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவனைப் போல முன்னறிவிப்புக்கு வேறு நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. இதில் எந்த ஒளிவுமறைவும் இல்லை. பேசுகிறவனுக்கும் கேட்கிறவர்களுக்கும் இடையே அறிவில் இருக்கிற வேறுபாடே அச்சத்தை உண்டாக்குகிறது. நாடகத்தின் முடிவு தெரியாமல் இருந்தால்தான் பரபரப்பு இருக்கும் என்று நம்புகிறவர்கள் ஒரு முறை விடிய விடிய உட்கார்ந்து இதைப் பார்க்க வேண்டும்.

பலம் இருக்கும் அதே இடத்தில் குறையும் இருக்கிறது. அந்த இரணியன் சந்தேகப்படுவதே இல்லை. மகன் வேறு பக்கம் போய்விட்டான் என்ற அடி விழும்போது, பெற்ற வயிறு என்ன பாடுபடும்? நஞ்சு கொடுத்தும் மலையிலிருந்து உருட்டியும் பிள்ளை சாகவில்லை என்று ஆள் வந்து சொல்லும்போது, அவனுக்குள் ஒரு நொடியாவது ஆறுதல் எட்டிப்பார்த்திருக்காதா? நான் பார்த்த கூத்துகளில் அதற்கு இடமே வைத்ததில்லை. அட்டகாசமாக நுழைந்தவன் அட்டகாசமாகவே போய்ச் சேருகிறான். நுழைவாயிலிலேயே தன்னை முழுவதும் சொல்லி முடித்துவிட்ட பாத்திரத்துக்கு அதன் பிறகு கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சம் இருப்பதில்லை.

கம்பர் இதை உணர்ந்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். இரணியன் வதைப் படலத்தில், தூண் பிளந்து நரசிங்கம் எதிரே நிற்கும் நேரத்தில்கூட அவருடைய இரணியன் பணிவதில்லை. மகன் கைகூப்பச் சொல்லும்போது, தொழுவதற்கு என் வாள் இருக்கிறது என்ற பொருள்படச் சொல்லிச் சிரிக்கிறான். அது பேதைமையா, பெருமையா என்று படிப்பவர் முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பிறகு அவன் வெறும் அசுரன் இல்லை. புதுவையில் பிறந்த பாரதிதாசன் ஒரு படி மேலே போய் ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ என்று தலைப்பிட்டு, அவனைத் தமிழ் அரசனாக்கி, சூழ்ச்சியில் வீழ்ந்தவனாக்கினார். பெரியார் தலைமையில் 1934-இல் சென்னையில் அது மேடையேறியது, 1948-இல் தடைசெய்யப்பட்டது. நாடகக் கட்டுமானமாகப் பார்க்கும்போது அதன் முதன்மை எனக்கு வேறு காரணத்தால் படுகிறது. கதை மாறவில்லை. சாவும் மாறவில்லை. கேட்கிறவர்கள் யார் பக்கம் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்பது மட்டும் மாறியது. அவன் வீரம் பேசும்போது முன்பு இடுக்குகளை எண்ணிய அதே கூட்டம், இப்போது அவனை எச்சரிக்க நினைக்கும். துன்பியல் அங்கேதான் பிறக்கிறது. ஆயினும் கொள்கையைச் சொல்லும் வேகம் மிகுந்த நாடகத்தில், தலைவன் உள்ளம் குழம்புவதற்கு அவகாசம் குறைவு. இரணியனை உயர்த்திய அதே வேகம் அவனுடைய உட்போராட்டத்தைச் சுருக்கிவிட்டது என்பதே என் கருத்து.

உட்போராட்டம் வேண்டும் என்றால் கர்ண மோட்சத்துக்கு வர வேண்டும். கூத்தில் நிகழும் பாரதக் கதைகளில் மனித மனத்துக்கு மிக அருகே போவது இதுதான். 1975-இல் புரிசை நடேசத் தம்பிரானின் கர்ண மோட்சத்தைப் பார்த்த ந. முத்துசாமி, தமிழ் நாடகம் போக வேண்டிய வழி இங்கே இருக்கிறது என்று கண்டுகொண்டார். ‘அன்று பூட்டிய வண்டி’ கட்டுரைகளும் 1977-இல் தோன்றிய கூத்துப்பட்டறையும் அந்தப் பார்வையிலிருந்து வந்தவை. பதினேழாம் நாள் போருக்குப் படைத்தலைவனாகப் புறப்படும் கர்ணன், மனைவி பொன்னுருவியிடம் விடைபெறப் போகிறான். தேரோட்டி வளர்த்த பிள்ளை என்று அவனை இத்தனை காலமும் அவமதித்தவள் அவள். நாளைக்குச் சாகப் போகிறவன் இன்றிரவு மனைவியின் வாயிலில் நின்று உள்ளே வரலாமா என்று கெஞ்சுகிறான். உலகத்துக்கே வாரிக் கொடுத்தவன் கையேந்தி நிற்கும் ஒரே இடம் அது. தர்க்கம் நீண்டு, வார்த்தை தடித்து, கடைசியில் தான் குந்தியின் மகன் என்ற உண்மை அவன் வாயிலிருந்து வருகிறது. அதைக் கேட்டபின் அவள் மனம் மாறி, போருக்குப் போக வேண்டாம் என்று அழுகிறாள்.

ஆங்கில நாடகாசிரியர் ஒருவர் இதை எழுதியிருந்தால், கர்ணனைக் கூடாரத்தில் தனியே உட்கார வைத்து, பிறப்பின் இரகசியத்தைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வைத்திருப்பார். கூத்து அதை மனைவியின் முன்னால் வைக்கிறது. இரகசியம் வெளிவருவதற்கு ஒரு விலை இருக்கிறது, கேட்பவள் அதனால் மாறுகிறாள், மாறியவுடனே இழக்கப்போகிறாள். பேச்சு காற்றில் கரையாமல் கதையை நகர்த்துகிறது. முன்னறிவிப்பும் அப்படியே. குந்திக்குக் கொடுத்த வாக்கின்படி நாகக்கணையை இரண்டாம் முறை தொடமாட்டான் என்பது நமக்குத் தெரியும். அவள் அவன் இறந்த பிறகுதான் மடியில் போட்டு மகனே என்று ஊரறிய அழுவாள் என்பதும் தெரியும். பொன்னுருவி போகாதே என்று சொல்லும் ஒவ்வொரு முறையும், மனைவியின் அன்பு இப்போது கிடைத்தது, தாயின் அன்பு செத்த பிறகு கிடைக்கும் என்ற கணக்கு பார்ப்பவர் மனத்தில் ஓடுகிறது. எவனும் தனியே நின்று விளக்காமலே ஓடுகிறது.

புதுச்சேரிக்காரன் என்பதால் இங்கே ஒரு பிரெஞ்சுக்காரரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ழான் ரசீன் 1677-இல் மேடையேற்றிய ‘ஃபேத்ரு’ நாடகத்தில், கணவனுடைய மூத்த தாரத்து மகன்மேல் ஆசை வைத்துவிட்ட அரசி அந்த நெருப்பைத் தன்னை வளர்த்த செவிலியிடம்தான் கொட்டுகிறாள். பிரெஞ்சுத் துன்பியலில் இப்படி மனத்தைக் கேட்க ஒரு நம்பிக்கைக்குரிய துணை எப்போதும் பக்கத்தில் இருக்கும். கேட்டவள் சும்மா இருப்பதில்லை. செவிலி சொன்ன யோசனைதான் அரசியை அழிவுக்கு இட்டுச் செல்கிறது. ஆங்கில மேடை தனிமையை நம்பியது. பிரெஞ்சு மேடை காதுகளை நம்பியது. இந்த ஒரு விஷயத்தில் நம் கூத்து பாரிசுக்குக் கிட்டேயும் இலண்டனுக்கு எட்டவும் நிற்கிறது. யாரும் யாரிடமும் கற்றுக்கொள்ளாமல் நிகழ்ந்தது இது.

கூத்துக்கு முன்பும் தமிழில் உள்ளத்தின் பேச்சு அப்படித்தான் இருந்திருக்கிறது. அகப்பாட்டில் தலைவி கடலிடம் பேசுகிறாள், கிளியிடம் பேசுகிறாள். யாரும் கிடைக்காதபோது நெஞ்சைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்துப் பேசுகிறாள். திருக்குறளில் இதற்கென்றே நெஞ்சொடு கிளத்தல் என்று 125-ஆம் அதிகாரமும், நெஞ்சொடு புலத்தல் என்று 130-ஆம் அதிகாரமும் இருக்கின்றன. சிலப்பதிகாரத்தில் இது உச்சத்துக்குப் போகிறது. கணவன் கள்வன் என்று கொல்லப்பட்ட செய்தி கேட்ட கண்ணகி, கதிரவனைப் பார்த்து என் கணவன் கள்வனா என்று கேட்கிறாள். தனிமொழியில் கேட்கப்படும் கேள்விக்கு யாரும் பதில் சொல்லக் கூடாது. ஹாம்லெட்டுக்கு யாரும் சொல்லவில்லை. கண்ணகிக்குப் பதில் வருகிறது. கள்வன் அல்லன், இந்த ஊரைத் தீ உண்ணும் என்று குரல் சொல்கிறது. குற்றமற்றவன் என்ற தீர்ப்பும் மதுரை எரியப்போகும் முன்னறிவிப்பும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. அதற்கு முன்பே புகாரில் தேவந்தியிடம் அவள் சொன்ன கனவும், பின்னால் பாண்டிமாதேவி அரசனிடம் ஓடிவந்து சொல்லும் கனவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. தன் கேட்டைத் தான் மட்டும் அறிந்து வைத்திருப்பவர் சிலம்பில் யாரும் இல்லை. யாராவது ஒருவரிடம் அது சொல்லப்பட்டே தீர்கிறது.

இத்தனைக்கும் பிறகு 19-ஆம் நூற்றாண்டின் முடிவில் உண்மையான தனிமொழி தமிழுக்கு வந்தது. திருவனந்தபுரம் கல்லூரியில் தத்துவம் கற்பித்த பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் ‘மனோன்மணீயம்’ வெளியிட்டார். ஐந்து அங்கம், 20 களம், பெரும்பகுதி ஆசிரியப்பா. அதே 1891-இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார்; அதே ஆண்டில்தான் பாரதிதாசனும் பிறந்தார். தமிழ் நாடகத்தை நேசிப்பவர்களுக்கு நல்ல ஆண்டு.

மனோன்மணீயத்தில் அமைச்சன் குடிலன் தனிமொழிகளின் அரசன். பாண்டியன் சீவகனை மதுரையை விட்டு நெல்லைக்குக் கோட்டை மாற்ற வைத்தவன். சேரனிடம் போக வேண்டிய மணத்தூதைப் போராக மாற்றியவன். தன் மகன் பலதேவனை அரியணையில் ஏற்றக் கனவு காண்பவன். அரசன் முன்னால் விசுவாசி. தனித்ததும் வேறு ஆள். இந்த இரட்டை முகத்தைக் காட்டத் தனிமொழி போன்ற கருவி வேறில்லை. சீவகன் அவனைப் புகழும் காட்சிகளில் நாம் நெளிகிறோமே, அந்த நெளிவு முந்திய களத்துத் தனிமொழி தந்தது. ஒத்தெல்லோவைச் சுற்றி இயாகோ பின்னிய வலையைக் குடிலனோடு சேர்த்துப் பேசுவது தமிழ்ப் பேராசிரியர்களின் வழக்கம். அது பொருத்தமான ஒப்பீடுதான். குறையும் அதிலேயே தெரிகிறது. இயாகோ தன் வெறுப்புக்குச் சொல்லும் காரணங்கள் ஒன்றோடொன்று ஒட்டாதவை. அவனுக்கே தன்னைத் தெரியவில்லை என்று நாம் உணர்கிறோம், அதனால் நடுங்குகிறோம். குடிலனுக்குத் தன்னை நன்றாகத் தெரியும். அடுத்து என்ன செய்யப்போகிறேன், அது தவறினால் என்ன செய்வேன் என்று அவன் கணக்கைத் தெளிவாக எழுதிக் காட்டுகிறான். சூழ்ச்சி புரிகிறது, சூழ்ச்சிக்காரன் ஆழமாவதில்லை. நடக்கப்போவதை அவன் முன்கூட்டித் தெரிவிக்கிறான். ஆனால் இரணியன் தெரியாமல் தெரிவித்தான், குடிலன் தெரிந்தே தெரிவிக்கிறான். இரணியன் வரத்தைச் சொல்லும்போது வயிற்றைக் கலக்குகிறது. குடிலன் திட்டத்தைச் சொல்லும்போது குறித்துக்கொள்ளத் தோன்றுகிறது. முன்னறிவிப்பு உயிரோடு இருக்க வேண்டுமானால், சொல்பவனுக்குத் தான் சொல்வது இன்னதென்று முழுவதும் விளங்கியிருக்கக் கூடாது.

அதே நூலில் நடராசன் என்ற பாத்திரம் விடியற்காலையில் தனியே நின்று புல்லையும் வாய்க்காலையும் மண்ணைக் கிளறும் நாங்கூழ்ப் புழுவையும் பார்த்துப் பேசும் இடம் இருக்கிறது. கதைக்கு அதனால் அணுவளவும் பயனில்லை என்று சொல்பவர்கள் உண்டு. பயனில்லைதான். ஆனாலும் அந்த மனிதனின் குணம் நமக்குப் பிடிபடுவது அங்கேதான். யாரும் பார்க்காத உழைப்பை உட்கார்ந்து பார்க்கிறவன், கோட்டைக்குள் நடக்கும் எந்தச் சூழ்ச்சிக்கும் உடன்பட மாட்டான் என்று நமக்கு உறுதியாகிவிடுகிறது. அவன் தன்னைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. பாடம் நடத்தும்போது குடிலனின் தனிமொழியைத் தேர்வுக்கும் இதை இயற்கை வருணனைக்கும் ஒதுக்கிவிடுகிறோம். என்னைக் கேட்டால் தனிமொழியின் பாடம் இதில்தான் கூடுதலாக இருக்கிறது.

மனோன்மணீயம் மங்கலமாக முடிவது. நடிப்பதற்கு என்பதைவிடப் படிப்பதற்கே ஏற்ற நூல் என்ற பெயரையும் பெற்றது. துன்பியல் தனிமொழி தமிழ் வாயில் மேடையேறியது சம்பந்த முதலியாரால். ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கி அவரே அந்த வேடமும் ஏற்றார். மேக்பெத்தை ‘மகபதி’ ஆக்கினார். பாட்டு இல்லாமல் நாடகமே இல்லை என்றிருந்த காலத்தில், ஒருவன் நின்று உரைநடையில் தன் மனத்தோடு வாதிடுவதைக் கேட்கச் சென்னைக் கூட்டத்தைப் பழக்கியது சின்ன வேலையல்ல. அந்தப் பழக்கம் சபையின் படித்த வட்டத்தைத் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பரவியது இன்னொன்று. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள். 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர், 1922 நவம்பர் 13-இல் புதுச்சேரியில் உயிர் நீத்தார். கருவடிக்குப்பத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். புதுவைப் பல்கலைக்கழக நிகழ்கலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவருடைய நாடகங்களில் மனம் உடையும் இடமெல்லாம் பாட்டுதான். சுடுகாட்டில் மகன் பிணத்தோடு நிற்கும் சந்திரமதி, கிணற்றங்கரையில் பிள்ளைகளோடு நிற்கும் நல்லதங்காள் போன்ற பாத்திரங்கள் பாட்டால்தான் தம்மைத் திறந்தன. உரைநடைத் தனிமொழி மூளையிடம் போகும். பாட்டு நேரே அடிவயிற்றுக்குப் போகும். இது பாட்டின் வெற்றி. ஆனால் பாட்டு நன்றாக இருந்தால் கூட்டம் ‘ஒன்ஸ்மோர்’ கேட்கும். நடிகர் திரும்பப் பாட வேண்டும். இரண்டாவது தடவை பாடும்போது அங்கே அழுவது சந்திரமதி இல்லை, பாடகர். துன்பம் ஒரு முறைதான் நிகழ முடியும் என்பது துன்பியலின் அடிப்படை. அதைப் பாட்டின் இனிமையே குலைத்துவிட்டது. இந்தக் குறையைச் சுவாமிகளின் தலையில் போட முடியாது. கேட்ட கூட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு.

கட்டியங்காரனிடமும் இதே வகைக் கேடு இருக்கிறது. அவனைக் குறை சொன்னால் கூத்தை நேசிப்பவர்களுக்குக் கோபம் வரும். எனக்கும் அவன் வேண்டியவன்தான். அரசனின் பொய்யை முகத்துக்கு நேரே கேட்கக்கூடியவன் களரியில் அவன் ஒருவனே. தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும் பேச்சை அவன் அரைக் கேள்வியில் கிழித்துவிடுவான். மேக்பெத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டியங்காரன் நின்றிருந்தால் அந்த நாடகம் இரண்டாம் அங்கத்திலேயே முடிந்திருக்கும் என்று தோன்றும். ஆனால் எல்லா இடத்திலும் அவன் பேசுகிறான். பொன்னுருவி வாயிலில் கர்ணன் உடைந்து நிற்கும்போதும், கூட்டம் தூங்கிவிடக் கூடாது என்ற கவலையில், உள்ளூர் விவகாரம் ஒன்றை இழுத்துப்போட்டுச் சிரிக்க வைக்கிறான். சிரிப்பு முடிந்து மத்தளம் மறுபடி எடுக்கும்போது, அந்த மனம் இருந்த இடத்தில் இருப்பதில்லை. இடையில் சிரிப்பு வரக் கூடாது என்பது என் வாதம் அல்ல. மேக்பெத்திலும் கொலை முடிந்த கையோடு குடிகார வாயிற்காவலன் வந்து சிரிக்க வைக்கிறான். அந்தச் சிரிப்பு கொலையை இன்னும் இருட்டாக்குகிறது. கட்டியங்காரனின் சிரிப்பு எப்போது அப்படிச் செய்கிறது, எப்போது கலைத்துவிடுகிறது என்று வாத்தியார் பார்த்துப் பார்த்து வைத்தால் போதும்.

அப்படிப் பார்த்து வைத்ததற்கு அடையாளம் கூத்திலேயே இருக்கிறது. துகிலுரிதல் இரவில் துச்சாதனன் வேஷம் பாஞ்சாலியின் கூந்தலைத் தொடுவதற்கு முன், ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றி வணங்கும் வழக்கம் உண்டு. அப்போது கட்டியங்காரனுக்கு வேலையில்லை. வேஷத்துக்குள் இருக்கிற மனிதர், தான் செய்யப்போகும் காரியத்தை நினைத்து அஞ்சுகிறார். அவர் வாய் திறந்து ஒன்றும் சொல்லாமலே, படுகளம் வரைக்கும் இருக்கிற இரத்தம் முழுவதும் கூட்டத்துக்குத் தெரிந்துவிடுகிறது. உள்ளத்தைத் திறப்பதும் வரப்போவதை உணர்த்துவதும் ஒரே செயலில் நடக்கின்றன. வேண்டும்போது தனிமையைக் கட்டிக்காக்கக் கூத்துக்குத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடந்த கூத்து, இன்று விழா மேடைகளில் ஒன்றரை மணி, இரண்டு மணி என்று சுருங்கிவிடுகிறது. சுருக்கும்போது முதலில் கத்தரி விழுவது தர்க்கத்தில். பொன்னுருவி பத்து நிமிடத்தில் மனம் மாறிவிடுகிறாள். ஆட்டமும் போரும் அப்படியே இருக்கின்றன. இது தவறான இடத்தில் வைத்த கத்தரி. திரை வருகையில் சொல்லும் பெருமைகளைக் குறைக்கலாம். கர்ணன் யார் என்று இப்போது யாருக்கும் அறிமுகம் தேவையில்லை. வாயிலில் நிற்கும் நேரத்தைத் தொடக் கூடாது. அவள் எவ்வளவு நேரம் மறுக்கிறாளோ அவ்வளவுக்குத்தான் அவன் இழப்பு பெரிதாகும்.

களரியின் நடுவே மேலிருந்து தொங்கும் மைக்கைப் பற்றியும் பேச வேண்டும். அது வந்த நாளிலிருந்து வேஷங்கள் அதன் கீழே வந்து நின்று பேசுகின்றன. சுழன்று ஆடிய கால்கள் பேச்சு வரும்போது ஓரிடத்தில் கட்டுப்படுகின்றன. அதை நட்டமாக மட்டும் நினைத்து வந்தோம். முன்பு கடைசி வரிசைக்குக் கேட்பதற்காகத் தொண்டையைக் கிழித்துக்கொண்டு உச்சத்தில் பாட வேண்டியிருந்த கலைக்கு, இப்போது முணுமுணுக்கும் வசதி கிடைத்திருக்கிறது. அதை யாரும் எடுத்துக்கொள்ளக் காணோம். மைக்கின் அடியிலும் அதே உச்சக் குரல்தான் கேட்கிறது.

எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. இந்தப் பக்கத்து வாத்தியார்கள் யாராவது ஒருவர் கர்ண மோட்சத்தில் ஓரிடத்தில் மட்டும் இதைச் செய்து பார்க்க வேண்டும். பொன்னுருவி அழுது ஓய்ந்து உள்ளே போன பிறகு, சல்லியன் தேர் கொண்டுவருவதற்கு முன், கட்டியங்காரனை இரண்டு நிமிடம் பின்பாட்டுப் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும். முகவீணை நிற்கட்டும், மத்தளத்தில் விரல் மட்டும் இருக்கட்டும். கர்ணன் படர்க்கையை விட்டு நான் என்று தொடங்கி, பாடாமல், தாழ்ந்த குரலில் பேசட்டும். எழுதிக் கொடுக்கத் தமிழில் ஆள் இருக்கிறார்கள். ஔரங்கசீப்பின் தனிமையை 1974-இல் நாடகமாக்கிய இந்திரா பார்த்தசாரதி பின்னாளில் இதே புதுவையில் நிகழ்கலைப் பள்ளியின் பொறுப்பேற்றிருந்தார். அங்கே பயின்றவர்களில் பலர் இன்று நாடகம் செய்கிறார்கள். என்ன பேச வேண்டும் என்பதில் மட்டும் ஒரு கட்டுப்பாடு வைப்பேன். நாளைக்குச் சாகப்போகிறேன் என்று கர்ணன் சொல்லக் கூடாது. திரும்பி வந்து அவளோடு எப்படி வாழ்வேன் என்று அவன் திட்டமிடட்டும். மிச்சத்தைக் கூட்டம் பார்த்துக்கொள்ளும்.